பூட்டிய வீட்டுக்கு ஒரு பட்டா நோட்டு

சேக்காடு, ஆவடி
14.9.2025

ரெனிதாவுக்கு,

அண்ணன் பிராங்க் எழுதுவது. கவர்மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் பிரித்திருக்கிறாய் என்றால், மீதியையும் படித்துவிடு.

ஜனவரியில் அப்பாவை அடக்கம் செய்த அன்று சாயங்காலமே நீ என் நம்பரை பிளாக் செய்துவிட்டாய். என் மனைவி ஷோபனா என்ன பாவம் செய்தாளோ, அவளுடையதையும் செய்துவிட்டாய். உன் மருந்துக் கடைக்குப் போன் செய்தால், "மேடம் பிஸியா கீறாங்க சார்" என்று ஒரு பெண் நாலு தடவை சொன்னாள். ஐந்தாவது தடவை அவளுக்கே அலுத்துப்போய், "சார், நீங்க பண்ணா பிஸின்னு சொல்லச் சொல்லிக்கீறாங்க சார்" என்று உடைத்துவிட்டாள். அந்தப் பெண்ணைத் திட்டாதே.

குமணன்சாவடிக்கும் சேக்காட்டுக்கும் பத்து கிலோமீட்டர். நேரிலேயே வந்திருக்கலாம். வந்து, நீ கேட்டைத் திறக்காமல், உங்கள் தெருவே என்னை வேடிக்கை பார்க்கும்படி நிற்க எனக்குத் தெம்பு இல்லை. அதனால் அப்பா வழக்கப்படி எழுத்தில் கொடுக்கிறேன்.

அந்த வழக்கம் உனக்கு மறந்திருக்காது. நாம் சண்டை போட்டால் அப்பா இரண்டு பேர் பேச்சையும் கேட்கமாட்டார். "கத்துனா ஒண்ணும் வெளங்காது. எழுதிக் குடு" என்று ஆளுக்கு ஒரு தாள் நீட்டுவார். உன் மனுவுக்கு நம்பர் போட்டு, ரசீது கிழித்துத் தருவார். அப்புறம் என் பதில் மனு. இரண்டையும் மாற்றிப் படித்து முடிக்கிறவரை நாம் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது. கடைசியில் அவரே கீழே எழுதுவார்: "இருதரப்பும் சமாதானம். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது." இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் சாப்பாடு. "ஸ்டேஷன்ல பண்றது பத்தாதுன்னு ஊட்லயுமா?" என்று அம்மா கரண்டியோடு நின்று தலையில் அடித்துக்கொள்வாள். மனு எண் 3/96, உன் ஜாமெட்ரி பாக்ஸ் வழக்கு, இன்னும் என் பீரோவில் இருக்கிறது. அதை நான் உடைக்கவில்லை என்பதை இப்போதும் பதிவு செய்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அப்பா போனபிறகு வருகிற முதல் கல்லறைத் திருநாள். இப்போது அவர் தலைமாட்டில் ஒரு மரச் சிலுவைதான் நிற்கிறது. அதற்குள் கல் பதித்துவிட வேண்டும் என்று கரையான்சாவடியில் கல் வேலை செய்கிற பாபுவிடம் சொல்லியிருக்கிறேன். கல்லறைமேல் படுக்கவைக்கிற கறுப்புப் பலகை. "ம. அந்தோணிராஜ், எஸ்.ஐ. (ஓய்வு)". கீழே இரண்டு தேதிகள். நீ வர வேண்டும். அம்மா போனபிறகு அப்பாவுக்கு இருந்ததே நாம் இரண்டு பேர். ஒருவன் மட்டும் மெழுகுவத்தி ஏற்றினால் பார்க்க நன்றாக இருக்காது.

எனக்கும் உன்மேல் மனு உண்டு. அன்றைக்குக் கோயில் வாசலில் அஞ்சலி பேனரைக் காட்டி, "எங்கப்பா எஸ்.ஐ. இல்ல, ஏட்டு. யாரு இதை அடிச்சது?" என்று கத்தினாய். இருநூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். என் பாக்டரியிலிருந்து முப்பது பேர் வந்திருந்தார்கள். அப்பாவைப் பறிகொடுத்த அன்று என்னைப் பொய்யனாக நிறுத்தினாய். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் வா என்றுதான் எழுதுகிறேன்.

பிராங்க்


குமணன்சாவடி
22.9.2025

பிராங்க் அண்ணாவுக்கு,

உன் மனு 19ஆம் தேதி கிடைத்தது. பத்து கிலோமீட்டருக்கு ஐந்து நாள்.

ஜாமெட்ரி பாக்ஸை நீதான் உடைத்தாய். அடுத்ததற்கு வருகிறேன்.

அன்று காலை 6.10க்கு நீ கோகுலுக்குப் போன் செய்தாய். நாங்கள் திருவண்ணாமலையில் அவர் அக்கா வீட்டில் இருந்தோம். "நாலு மணிக்குப் பூசை, மூன்றரை வரை முகம் பார்க்கலாம்" என்றாய். வழியெல்லாம் பொங்கல் கூட்டம். குழந்தை வர்ஷாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் நின்ற இடத்தில் எல்லாம் மணி பார்த்தேன். கோயில் கேட்டில் இறங்கியபோது 3.25. உள்ளே ஓடினேன். பெட்டி மூடியிருந்தது. "ஆணி அடிச்சாச்சு ரெனி" என்றாய், எங்கோ பார்த்துக்கொண்டு. 3.10க்கே மூடச் சொன்னாய் என்று அங்கே நின்றவர்கள் சொன்னார்கள். நீ சொன்ன நேரத்துக்கு இருபது நிமிஷம் முன்னால்.

அந்த இருபது நிமிஷம் ஏன்? எட்டு மாசமாக எனக்கு இதுதான் கேள்வி. மாத்திரை எண்ணும்போதும் இதுதான், குழந்தைக்குத் தலை பின்னும்போதும் இதுதான். பெற்ற அப்பா முகத்தைப் பார்க்கவிடாமல் செய்தவனோடு நான் எப்படிப் பேசுவேன்?

இனி அந்தப் பேனர். நான் மருந்துக் கடைக்காரி. ஐந்நூறு மில்லிகிராம் டப்பாவில் அறுநூற்றைம்பது என்று ஒட்டினால் அது பாசம் இல்லை, தப்பு. அப்பா பதினைந்து வருஷம் ராணுவத்தில் இருந்தார். பிறகு போலீசில் இருபத்திநாலு வருஷம் ஐந்து மாசம். ஏட்டாகச் சேவை முடித்தார். இருபத்தைந்து வருஷம் முடிந்திருந்தால் சிறப்பு எஸ்.ஐ. ஆகித் தோளில் ஸ்டார் ஏறியிருக்கும். ஏழு மாசம் குறைந்தது. அந்த ஏழு மாசத்தை நீ பேனர் கடையில் போய் வாங்கிக் கொடுத்துவிட்டாய். ராணுவத்தைக் காணவே காணோம்.

வாங்காததை வாங்கினதாகச் சொல்கிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பிடித்து உள்ளே போட்டவர் அவர். அவர் தலைமேலேயே ஒரு பொய்யைப் படுக்கவைத்தால் அந்தக் கல் பக்கத்தில் நான் நிற்க மாட்டேன்.

இது பதில் மனு. ரசீது தேவையில்லை.

ரெனிதா


சேக்காடு
29.9.2025

ரெனிதாவுக்கு,

3.10க்கு மூடச் சொன்னது நான்தான். ஒத்துக்கொள்கிறேன். ஏன் என்பதை எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்துவிட்டேன். வரவில்லை. கொஞ்சம் அவகாசம் கொடு.

மற்றதைச் சொல்கிறேன். நீ வருவாய் என்று எனக்கு முழு நம்பிக்கை இல்லை. பதினோரு வருஷம் ரெனி. நீ கோகுல்நாத்தைப் பதிவுத் திருமணம் செய்தது அப்பாவுக்கு ஒரு பழைய கான்ஸ்டபிள் மூலமாகத்தான் தெரிந்தது. "எவன் ஊட்ல இன்னா நடக்குதுன்னு எனக்குத் தெரியும். என் ஊட்ல நடந்தது தெரியல" என்று அவர் அன்றைக்கு உட்கார்ந்த கோலத்தை நீ பார்க்கவில்லை. "இந்த வாசப்படி ஏறாத" என்று உன்னிடம் சொன்னதுதான் கடைசி. அப்புறம் உன் பேரை எடுத்தால் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்வார்.

அந்தப் பதினோரு வருஷமும் கூட இருந்தவன் நான். கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனது நான். ராணுவக் கேன்டீனில் வரிசையில் நின்றது நான். அவர் சட்டைக்குக் கஞ்சி போட்டது ஷோபனா. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட எங்களோடு வரமாட்டார். பக்கத்திலேயே கோயில் இருக்க, விடியும் முன்னே டி.வி.எஸ்.ஸை உதைத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் போவார். ஏன் என்று கேட்டால், "அந்தச் சாமியார் பிரசங்கம் எட்டு நிமிஷத்துல முடிச்சிடுவாரு" என்பார். நான் காரில் விடுகிறேன் என்றாலும் வேண்டாம். எழுபத்துநாலு வயதில் பனியில் போவார். இவருக்கு நாம் என்ன குறை வைத்தோம் என்று எனக்கு உள்ளே எரியும்.

எஸ்.ஐ. என்று ஏன் போட்டேன்? ரிட்டையர் ஆன அன்று நான் அவரோடு ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். மாலை போட்டார்கள். "ஏழே மாசம் ஏட்டய்யா, சேர்ந்திருந்தா ஸ்டாரோட போயிருப்பீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். அப்பா சிரித்தார். வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றி, பித்தளையை ஒரு மணி நேரம் தேய்த்தார். இனிமேல் போடப்போகாத பெல்ட். அதைப் பார்த்தவன் நான். அந்த ஏழு மாசத்தை யாராவது அவருக்குக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது. கொடுத்தேன்.

பாபு கல்லில் எழுத்து வெட்டி முடித்துவிட்டான். இனி என்ன செய்வது என்று நீயே சொல்.

பிராங்க்


குமணன்சாவடி
8.10.2025

அண்ணா,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பெல்ட் விஷயம் எனக்குத் தெரியாது.

உனக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. யாருக்கும் சொன்னதில்லை. கோகுலுக்கு மட்டும் தெரியும்.

வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால், பூட்டிய வீட்டு வாசலில் பட்டா நோட்டு என்று ஒன்றைத் தொங்கவிடுவார்கள். ரோந்து வருகிற போலீஸ்காரர் தேதி, நேரம் போட்டுக் கையெழுத்து வைத்துவிட்டுப் போவார். ஆள் இல்லாத வீட்டையும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்பதற்கு அது அத்தாட்சி. சின்ன வயதில் அப்பா அதைப் பற்றிச் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

2014 ஆகஸ்டில் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தோம். இரண்டாவது வாரம், கேட் பக்கத்து மீட்டர் பெட்டிக்குள் ஒரு நோட்டு தொங்கியது. மூலையில் ஓட்டை போட்டுச் சணல் கட்டியிருந்தது. அட்டையில், "பட்டா எண் 1. கோகுல்நாத் வீடு, குமணன்சாவடி". கோகுல் பயந்துவிட்டார். "இன்னாமா, போலீஸ்ல நம்மள எதுக்கு வாட்ச் பண்றாங்க?" என்றார். எனக்குக் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் காலை 5.40. உன் எட்டு நிமிஷப் பிரசங்கம் அதுதான்.

முதல் வருஷம் முழுக்க "பார்வையிட்டேன். அமைதி" என்று மட்டும் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில், "முழங்கால் தண்ணீர். வண்டி வராது. நடந்து வந்தேன்." நோட்டு தீர்ந்ததும் நானே புதிது வாங்கிச் சணல் கட்டினேன். வர்ஷா பிறந்தபோது குறிப்பு என்ற இடத்தில் நான் எழுதினேன்: "பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு." அடுத்த ஞாயிறு அவர் எழுதியிருந்தார்: "பார்வையிட்டேன். கொடியில் சின்னத் துணிகள். மகிழ்ச்சி." அதன்பிறகு எங்கள் பேச்சு எல்லாம் அந்தக் கட்டத்துக்குள்தான். "வர்ஷாவுக்கு அம்மை" என்றால், "வேப்பிலை கட்டவும். எண்ணெய்ப் பலகாரம் கூடாது". "மாடிப்படி விளக்கு எரியவில்லை." "தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது." "அழைப்பு மணி வேலை செய்யவில்லை. கவனிக்கவும்." கொரோனா முடிந்து வந்தபோது, "ஊரடங்கு காரணமாக எட்டு வாரம் பார்வையிடவில்லை. காரணம் ஏற்கத்தக்கது" என்று அவரே தனக்கு மன்னிப்புக் கொடுத்துக்கொண்டார். நான் சமையலறையில் நின்று அழுதுகொண்டே சிரித்தேன்.

வண்டி நிற்கிற சத்தம் கேட்டால் நான் எழுந்து ஜன்னல் பக்கம் நிற்பேன். நான் நிற்பது அவருக்குத் தெரியும். எத்தனையோ தடவை தாழ்ப்பாளில் கை வைத்திருக்கிறேன். வாசப்படி ஏறாதே என்று சொன்னவர் முதலில் கூப்பிடட்டும் என்று ஒரு வீம்பு. அவருக்கு என்ன வீம்போ. சொன்ன வார்த்தையைத் திரும்ப எடுக்க அவருக்கு வராது என்பது உனக்கும் தெரியும்.

கடைசிக் கையெழுத்து 5.1.2025. "பார்வையிட்டேன். அமைதி." ஆறாம் நாள் நீ போன் செய்தாய்.

ஆகவே நான் அப்பாவோடு பேசாதவள் என்று எழுதாதே. இரண்டு பக்கம் ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். அந்த இருபது நிமிஷம் எனக்கு ஏன் இவ்வளவு பெரியது என்று இப்போது புரியும். பத்து வருஷம் ஜன்னல் வழியாகவே பார்த்த முகம். கடைசியாக ஒரு தடவை பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று ஓடி வந்தேன்.

ரெனிதா


சேக்காடு
13.10.2025

ரெனி,

ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன். ஷோபனா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். நீ இவ்வளவு சொன்னபிறகு நான் மறைத்தால் மனுஷன் இல்லை.

அன்று காலை அவருக்கு உடுத்த நல்ல வேட்டி சட்டை தேடினேன். கட்டிலுக்கு அடியில் அவர் ராணுவத்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு டிரங்குப் பெட்டி உனக்கு ஞாபகம் இருக்கும், மூடியில் வெள்ளைப் பெயிண்டில் அவர் நம்பர். நாம் தொட்டால் கை போய்விடும். அதைத் திறந்தேன். ராணுவக் கம்பளிக்குக் கீழே பிளாஸ்டிக் கவரில் ஒரு காக்கிச் சட்டை. ஒரு தடவைகூடப் போடாதது. காலரில் குண்டூசி அப்படியே இருந்தது. தோளில் ஸ்டார்.

ஆசைப்பட்டு ரகசியமாகத் தைத்து வைத்திருக்கிறார், கிடைக்காததும் யாருக்கும் காட்டாமல் கம்பளிக்குக் கீழே தள்ளிவிட்டார் என்று நினைத்தேன். பதினேழு வருஷம் அதன்மேலேயே படுத்துத் தூங்கியிருக்கிறார். அந்தச் சட்டையைத்தான் அவருக்குப் போட்டேன். அந்த வேகத்தில்தான் பேனர் கடைக்குப் போன் செய்து எஸ்.ஐ. என்று அடிக்கச் சொன்னேன்.

மத்தியானத்துக்குமேல் அவரோடு வேலை பார்த்த பழைய ஆட்கள் வந்தார்கள். ஒருவர் தோளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சல்யூட் அடித்துவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ வருவாய், பார்ப்பாய், "கழட்டு அதை" என்பாய். இருநூறு பேர் முன்னால் அப்பா தோளிலிருந்து ஸ்டாரைக் கழற்ற வைப்பாய் என்று பயந்தேன். நீ வரமாட்டாய் என்று பாதி மனசு, வந்துவிடுவாய் என்று பாதி மனசு. வருகிற பாதிக்குப் பயந்துதான் மூடச் சொன்னேன்.

அங்கே இருந்தவர்களில் உன் ஒருத்திக்குத்தான் பயந்தேன். அதற்காக உன் கடைசிப் பார்வையைப் பறித்துவிட்டேன். இதற்கு என்ன தண்டனை என்று எனக்குத் தெரியவில்லை. என்னை மன்னித்துவிடு, ரெனி.

பிராங்க்


குமணன்சாவடி
18.10.2025

அண்ணா,

நேற்றுக் கடிதம் வந்தது. கடையை அந்தப் பெண்ணிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அந்தச் சட்டையின் வலது பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாயா? உள்பக்கம் சிவப்பு நூலில் சின்னதாக "ரெ" என்று தைத்திருக்கும். அதைத் தைத்தது நான்.

2008இல் நான் பி.பார்ம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா 83இல் போலீசில் சேர்ந்தார் என்று தெரியும். மே மாசம் ரிட்டையர். எண்பத்துமூன்றிலிருந்து எட்டு வரை இருபத்தைந்து என்று விரல் விட்டு எண்ணினேன். அவர் சேர்ந்தது டிசம்பர் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. டியூஷன் எடுத்துச் சேர்த்ததைக் கொண்டுபோய், ஆவடியில் போலீஸ் யூனிபார்ம் தைக்கிற கடையில் ஸ்டாரோடு சட்டை தைக்கக் கொடுத்தேன். கடைசி நாள் அவர் அதைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார் என்று கனவு.

அவர் கவரைப் பிரித்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "வாங்காத ஸ்டாரைப் போட்டா அதுக்குப் பேரு திருட்டும்மா. கொண்டுபோய்க் குடுத்துடு" என்றார். நான் அழுதுகொண்டு போய்ப் படுத்துவிட்டேன். காலையில் கவரைக் காணோம். அவரே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் பேனரைப் பார்த்ததும் அந்த வார்த்தைதான் காதில் கேட்டது. அதனால்தான் அப்படிக் கத்தினேன். அது தப்புதான். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்.

திருப்பிக் கொடுக்கவில்லை, அண்ணா. மடித்து வைத்திருக்கிறார். நான் வீட்டைவிட்டுப் போனபிறகும் வைத்திருக்கிறார். கோபத்தில் தூக்கி எறியாமல், கம்பளிக்குக் கீழே, யாரும் தொடக்கூடாத பெட்டிக்குள்.

பெட்டியை மூடி என்னை வெளியே நிறுத்திவிட்டாய் என்று இருந்தேன். நான் தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டுதான் அவர் போயிருக்கிறார். தெரியாமல் செய்தாய். தெரிந்து யாரும் எனக்கு இவ்வளவு செய்ததில்லை.

ஆனால் கல் விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். மண்ணுக்குள் என்ன போட்டிருக்கிறார் என்பது நம் வீட்டு விஷயம். கல்லை ஊர் படிக்கும். அங்கே அவர் வாங்கியது மட்டும் இருக்கட்டும்.

உன் நம்பருக்குப் போட்ட பிளாக்கை இன்னும் எடுக்கவில்லை. இரண்டு மனுவும் முழுசாகப் படித்து முடிக்கிறவரை பேசக்கூடாது என்பது சட்டம். தீபாவளிக்கு அதிரசம் சுட்டேன், உனக்கு எப்படி அனுப்புவது என்று தெரியாமல் நாலு எடுத்து வைத்திருக்கிறேன்.

ரெனி


சேக்காடு
26.10.2025, ஞாயிறு

ரெனி,

இதை நாளைக்கே ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். கல்லறைத் திருநாளுக்குள் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

சிவப்பு நூலை அன்றைக்கே பார்த்தேன். டைலர் போட்ட அடையாளம் என்று நினைத்தேன். எனக்கு எங்கே புத்தி.

கல்லுக்காகப் பாபுவிடம் போனேன். எழுத்தை மாற்ற முடியுமா என்று கேட்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டான். "இன்னா சார், கல்லுன்னா ஸ்லேட்டா, தொடச்சிட்டு எய்த?" என்றான். விஷயத்தைச் சொன்னேன், சட்டைக் கதை உட்பட. அப்புறம் அவனே வழி சொன்னான். "கல்லைத் திருப்பிப் போட்டுர்லாம் சார். பின்பக்கம் பாலிஷ் பண்ணி, மேல புச்சா எய்திக் குடுக்கறேன். எஸ்.ஐ. கீய போயிடும். ஐயா மட்டும் பாத்துகினு இருக்கட்டும்."

மேலே இப்படி வெட்டச் சொல்லிவிட்டேன்: "ம. அந்தோணிராஜ். ராணுவ வீரர். தலைமைக் காவலர்." சரிதானே, லேபிள்?

இன்னொன்று. இன்று காலை அப்பா டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு வந்தேன். அது மூன்றாவது உதைக்குத்தான் எழுந்தது. 5.40க்கு மீட்டர் பெட்டியைத் திறந்தேன். நோட்டை நீ இன்னும் கழற்றவில்லை. அவருடைய கடைசிக் கையெழுத்துக்குக் கீழே என்னுடையதைப் போட்டேன். "பார்வையிட்டேன். சமையலறையில் விளக்கு." அதற்குமேல் எழுத வரவில்லை. கேட்டைத் தட்டவும் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து நீ அனுப்பிய ஜெராக்ஸை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 2019 ஜூன் பக்கம். "அழைப்பு மணி வேலை செய்யவில்லை. கவனிக்கவும்." மற்றதை எல்லாம் அவர் தெருவில் நின்றே பார்த்திருக்கலாம். விளக்கு, தொட்டி, கொடியில் துணி, எல்லாமே வெளியிலிருந்து தெரிகிறது. மணி வேலை செய்யவில்லை என்பது எப்படித் தெரியும்?

அடித்துப் பார்த்திருக்கிறார், ரெனி. கேட்டைத் திறந்து, உன் வாசப்படி ஏறி, மணியை அடித்திருக்கிறார். அது கேட்கவில்லை. நின்று பார்த்துவிட்டு, இறங்கிவந்து, நோட்டில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

உனக்கு இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நாள் முழுக்க யோசித்தேன். மறைத்துத்தான் ஒரு தடவை கெட்டேன். அதனால் சொல்லிவிட்டேன்.

பிராங்க்


குமணன்சாவடி
29.10.2025

அண்ணா,

2019 ஜூனில் வர்ஷாவுக்குக் காய்ச்சல் என்று நாங்கள் எல்லோரும் மாடி அறையில் படுத்திருந்தோம். அந்த ஒரு வாரம் நான் ஜன்னல் பக்கம் வரவில்லை. என்னைக் காணோமே என்றுதான் ஏறி வந்திருக்கிறார். இத்தனை வருஷம் அந்த வரியை ஏதோ இன்ஸ்பெக்‌ஷன் என்று படித்துவிட்டேன். அவர் முதலில் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேனே, அவர் கூப்பிட்டுவிட்டார். எனக்குத்தான் கேட்கவில்லை. நேற்று முழுக்க அழுதேன். அழுது முடித்தபிறகு உடம்பு லேசாக இருக்கிறது. நீ சொன்னது நல்லது.

ஞாயிறு காலை அந்த வண்டிச் சத்தம் கேட்டு அடுப்பை அப்படியே விட்டேன். ஜன்னலுக்கு ஓடினேன். நீ. அப்பா மாதிரியே பேனாவை உதறி எழுதினாய். நான் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நீ போனபிறகுதான் திறந்தேன். பத்து வருஷம் செய்த அதே தப்பு.

அதனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். மீட்டர் பெட்டியிலிருந்து நோட்டைக் கழற்றிவிட்டேன். மூன்று நோட்டையும் பட்டுத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டேன். பட்டா நோட்டு பூட்டிய வீட்டுக்குத்தான். இந்த வீட்டில் ஆள் இருக்கிறது.

வருகிற ஞாயிறுதான் கல்லறைத் திருநாள். நீயும் ஷோபனாவும் 5.40க்கு இங்கே வாருங்கள். காபி குடித்துவிட்டு எல்லோரும் சேர்ந்து கல்லறைக்குப் போகலாம். செவ்வந்திப் பூவும் மெழுகுவத்தியும் கோகுல் வாங்கி வைத்துவிட்டார். கல்லைத் துடைக்கிற வேலை வர்ஷாவுக்கு. மேல்பக்கம் மட்டும் துடைத்தால் போதுமா, கீழ்ப்பக்கம் தாத்தாவே பார்த்துக்கொள்வாரா என்று கேட்கிறாள்.

மனு எண் 1/2025. இருதரப்பும் சமாதானம். மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது. என் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். நானும் ஸ்பீட் போஸ்டில்தான் போடுகிறேன், இந்தத் தாளை மறக்காமல் எடுத்துக்கொண்டு வா.

கையெழுத்துப் போட நோட்டு இல்லையே என்று மீட்டர் பெட்டியைத் தேடிக்கொண்டு நிற்காதே. கேட் திறந்திருக்கும். மூன்று படி ஏறினால் வலது பக்கம் அழைப்பு மணி. அன்றைக்கு அப்பா எழுதியதைப் பார்த்துவிட்டு அதே வாரம் கோகுல் புதிது மாட்டினார். நன்றாகவே கேட்கிறது. அடி.

ரெனி